விலைக்கு வாங்கிய நற்சான்று வயலுக்கு உதவாது

விதை, நுண்ணூட்டம், டானிக், பூச்சி மருந்து, தெளிப்பான், சொட்டு நீர்க் குழாய் என்று உழவுக்கு வேண்டிய பல பொருள்களைச் செல்போனிலேயே ஆர்டர் போட்டு வாங்கும் பழக்கம் இன்று சிற்றூர்களிலும் வந்துவிட்டது. டவுனுக்குப் போய்வரும் பஸ் செலவு மிச்சம். அரை நாள் வேலையும் கெடுவதில்லை. பக்கத்துக் கடையில் இல்லாத இரகமும் வீடு தேடி வருகிறது. இவை நன்மைகளே.

கடையில் வாங்கும்போது பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். கடைக்காரரிடம் நாலு கேள்வி கேட்கிறோம். செல்போனில் அதற்கு வழியில்லை. ஆகவே படத்துக்குக் கீழே முன்பு வாங்கியவர்கள் எழுதியிருக்கும் கருத்துகளையும், அவர்கள் போட்டிருக்கும் ஸ்டார்களையும் பார்த்து முடிவு செய்கிறோம். 'ரிவியூ' என்று இதைச் சொல்கிறார்கள். 5 ஸ்டார் இருந்தால் நல்ல பொருள், 2 ஸ்டார் இருந்தால் மட்டமான பொருள் என்பது பலருடைய கணக்கு.

இந்தக் கணக்கு பிழையாகப் போகும் இடங்கள் பல. வாங்கியவர் கருத்து என்ற பெயரில் வருவனவற்றில் காசு கொடுத்து எழுதி வாங்கியவையும் உண்டு. பொருளை வாங்காமலே எழுதியவையும் உண்டு. வியாபாரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இதை விட்டுவிடக் கூடாது. ஓர் உழவர் சொல்லை இன்னோர் உழவர் நம்புவதே கிராமத்தில் வேளாண் அறிவு பரவும் வழி. அந்த நம்பிக்கையை விலைபேசினால், நட்டம் முதலில் சிறு விவசாயிக்குத்தான்.

பக்கத்து வயல்காரர் சொல்

விரிவாக்கக் கல்வி பயிலும் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் நடந்தது. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1943ல் அதை வெளியிட்டார்கள். 1928ல் அங்கே வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 259 விவசாயிகளில் 1941க்குள் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த விதைக்கு மாறிவிட்டார்கள். இவர்கள் எப்படி மாறினார்கள் என்பதே ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி.

அந்த விதையைப் பற்றிய செய்தியைப் பெரும்பாலோருக்கு முதலில் கொண்டுவந்தவர் விதைக் கம்பெனியின் விற்பனையாளர். ஆனால் விதைக்கலாம் என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டுவந்ததில் பக்கத்து வயல்காரர் சொல்லுக்கே அதிக வலு இருந்தது. அதன் பிறகும் பெரும்பாலோர் முழு நிலத்திலும் ஒரேயடியாக விதைத்துவிடவில்லை. முதலில் ஒரு சிறு பகுதியில் போட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்தே முழு நிலத்துக்கும் மாறினார்கள்.

நம் ஊரிலும் இதுதான் நடப்பு. ஒரு புதிய நெல் இரகம் வந்தால், அலுவலர் சொன்னார் என்பதற்காக எல்லோரும் நட்டுவிடுவதில்லை. வரப்பில் நடந்து போகும்போது அடுத்த வயலின் தூர் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். அறுவடை நாளில் எத்தனை மூட்டை கண்டது என்று கேட்கிறார்கள். விற்கிறவருக்கு இலாபம் உண்டு, பக்கத்து வயல்காரருக்கு என்ன இலாபம் என்று மனம் எடை போடுகிறது. அதனால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு.

விற்பனையாளர்களும் இதை அறிந்தவர்களே. 'எங்கள் மருந்து நல்ல மருந்து' என்று கம்பெனியே சொன்னால் பாதிப் பேர்தான் கேட்பார்கள். அதையே 'நான் ஒரு விவசாயி, வாங்கிப் போட்டேன், நல்ல பலன்' என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் காது கொடுப்பார்கள். ஆகவே கம்பெனியின் சொல்லுக்கு விவசாயி வேடம் கட்டி விடுகிறார்கள். போலிக் கருத்து என்பது இதுதான்.

எப்படி நடக்கிறது?

இது நடக்கும் வழிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

பார்சலைப் பிரித்தால் உள்ளே ஒரு சிறு அட்டை இருக்கும். '5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் இவ்வளவு ரூபாய் திருப்பித் தருவோம்' என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். 1 ஸ்டார் போட்டாலும் அந்தப் பணம் உண்டா என்றால் இல்லை. நல்லதாக எழுதுவதற்கு மட்டுமே கூலி.

இரண்டாவது வழியில் செல்போன் குழுக்கள் வழியே ஆள் சேர்க்கிறார்கள். பொருளை வாங்கச் சொல்லி, 5 ஸ்டார் போட வைத்து, பிறகு முழு விலையையும் தனியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கில் அது உண்மையான விற்பனைதான். ஆகவே 'வாங்கியது உறுதி செய்யப்பட்டது' என்ற அடையாளமும் அந்தக் கருத்தோடு சேர்ந்து வருகிறது. அந்த அடையாளம் இருப்பதாலேயே கருத்து உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவதாக, நல்ல பெயர் எடுத்த ஒரு பொருளின் பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றி வேறொரு பொருளை வைத்து விடுவதும் உண்டு. பழைய பொருளுக்கு வந்த ஸ்டார்கள் புதிய பொருளுக்கு வந்தவை போலத் தெரியும். கீழே எழுதியிருப்பதைப் படித்தால், நீங்கள் பார்ப்பது ஒரு டானிக்காக இருக்கும். கருத்துகள் பூந்தொட்டியைப் பற்றி இருக்கும்.

நான்காவது, வீடியோ. செழித்த வயலில் நின்று ஒருவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டிப் பேசுவார். பாட்டில் இலவசமாக வந்ததா, பேசுவதற்குப் பணம் வந்ததா என்பதைச் சொல்லமாட்டார். மருந்து அடிக்காத வயலையும் காட்டமாட்டார்.

போட்டிக் கம்பெனியின் பொருளைத் திட்டி ஆள் வைத்து எழுதுவதும், தன் பொருளைப் பற்றி வந்த உண்மையான புகாரை மறைத்துவிடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்போது கம்ப்யூட்டரே மனிதர் எழுதியது போலத் தமிழில் எழுதித் தருகிறது. ஆகவே ஆயிரம் கருத்துகள் எழுத ஆயிரம் ஆள்கள் வேண்டும் என்பதும் இல்லாமல் போயிற்று.

விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

'கம்பெனிகள் விளம்பரம் செய்வது புதிதா? சுவரில் எழுதினார்கள், ரேடியோவில் பாடினார்கள். அதுவும் காசு கொடுத்ததுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவர் விளம்பரத்தைப் பார்க்கிறவருக்கு அது விளம்பரம் என்று தெரியும். தெரிந்தே அதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுத்துக்கொள்கிறார். போலிக் கருத்தில் அந்தத் தள்ளுபடிக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரகர் தன் மாட்டைப் புகழ்வார். அது அவர் தொழில். ஆனால் அவரே தன் ஆள் ஒருவரை வாங்க வந்தவர் போல நிறுத்தி, 'இந்த ஜோடியை நான் விடமாட்டேன், இன்னும் ரெண்டாயிரம் போட்டுத் தருகிறேன்' என்று பேச வைத்தால் அது மோசடி. துண்டுக்குள் கை போட்டு விலை பேசும் சந்தையிலும் இதை யாரும் நேர்மை என்று சொன்னதில்லை. சந்தையில் அந்த ஆளை அடுத்த வாரம் அடையாளம் கண்டுகொள்ளலாம். செல்போனில் அவர் முகமும் தெரியாது, ஊரும் தெரியாது.

'உள்ளூர்க் கடைக்காரர் மட்டும் யோக்கியமா? அதிகக் கமிஷன் தரும் மருந்தைத்தானே அவர் எடுத்துத் தருகிறார்?' என்றும் உழவர்கள் கேட்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கடைக்காரர் விற்கிறவர் என்பது நமக்குத் தெரியும். கடையில் உரிமம் மாட்டியிருக்கிறது. பில் கேட்டு வாங்கலாம். பயிர் கெட்டால் நேரில் போய்க் கேட்கலாம். நாளைக்கு டீக்கடையில் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். அந்தக் கூச்சமே ஓரளவு காவல்.

விதைக்கு ஸ்டார் போடுவது எப்போது?

காசு வாங்காமல் நேர்மையாக எழுதும் கருத்தும் விதை, டானிக் ஆகியவற்றில் முழு உண்மையாக இருப்பதில்லை. இதற்குக் காரணம் பயிரின் காலக் கணக்கு.

ஒரு டார்ச் விளக்கு எரிகிறதா என்பது வாங்கிய அன்றே தெரியும். பேட்டரி தெளிப்பான் எத்தனை டேங்க் அடிக்கும் என்பது ஒரு வாரத்தில் தெரியும். இத்தகைய பொருள்களுக்கு வாங்கியவர் கருத்து ஓரளவு பயன் தரும். மிளகாய் விதை அப்படியல்ல. முளைப்பு இரண்டு வாரத்தில் தெரியும். சொன்ன இரகம்தானா, கலப்பு எவ்வளவு என்பது பூவும் காயும் வந்தபிறகே தெரியும். அதற்குள் மூன்று மாதம் போய்விடும். ஆனால் பார்சல் வந்த சில நாளிலேயே 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று செல்போனில் செய்தி வந்துவிடுகிறது. 'பார்சல் சீக்கிரம் வந்தது, பேக்கிங் நன்றாக இருக்கிறது' என்று எழுதி 5 ஸ்டார் போடுகிறோம். அந்த ஸ்டார் பாக்கெட்டுக்குச் சேர வேண்டியது. படிக்கிறவர் அதை விதைக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறார்.

அடுத்து மண் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கரிசலில் நன்றாக வந்த ஓர் இரகம் தருமபுரியின் செம்மண்ணில் அப்படியே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இறவைக்கு ஏற்றது மானாவாரிக்கு ஏற்காமல் போகலாம். கருத்து எழுதியவரின் மண், தண்ணீர், பட்டம் எதுவும் அந்தப் பக்கத்தில் இருப்பதில்லை.

டானிக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. டானிக் அடித்த வாரத்திலேயே மேலுரமும் போட்டிருப்போம். நல்ல மழையும் பெய்திருக்கும். பயிர் பச்சை கட்டியது எதனால்? அடிக்காமல் விட்ட ஒரு பாத்தி இல்லாவிட்டால் இதற்கு விடை கிடையாது. ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மருந்தைச் சோதிக்கும்போது மருந்து இடாத பாத்தியைப் பக்கத்திலேயே வைத்து, அதே சோதனையைப் பல இடத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது இதற்காகத்தான். ஆகவே 'எனக்குப் பலன் தெரிந்தது' என்று நல்ல எண்ணத்தோடு ஒருவர் சொல்வதையும் சான்றாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. காசுக்குச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது?

டானிக் வகைகள் 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. கட்டுப்பாடு இல்லாத காலத்தில் இவ்வகையில் சுமார் 30,000 பொருள்கள் விற்பனையில் இருந்தன என்றும், கடுமையாக ஆராய்ந்த பிறகு அவை சுமார் 650 ஆகக் குறைந்தன என்றும் மத்திய வேளாண் அமைச்சர் 2025 ஜூலையில் கூறினார். தேறாமல் போனவற்றில் எதுவும் தன்னைத் தரமற்றது என்று சொல்லிக்கொண்டு விற்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நட்டம் யாருக்கு?

ஏமாற்றுப் பொருளால் நகரத்தில் இருப்பவருக்கு வரும் நட்டம் பெரும்பாலும் அதன் விலையோடு நின்றுவிடும். மட்டமான செருப்பை வாங்கிவிட்டால் வேறு செருப்பு வாங்கிக்கொள்ளலாம். விவசாயிக்கு அப்படி இல்லை. விதைப் பாக்கெட் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த விதை தவறினால் போவது 500 ரூபாயா? உழவுக் கூலி, நாற்றங்கால் செலவு, நடவு, களை எடுப்பு, அடியுரம், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அதோடு போகிறது. பணத்தைத் திருப்பித் தந்தாலும் பட்டத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்லி வைத்த நாட்டில், பட்டம் தப்புவதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். நகையை அடகு வைத்துப் பயிர் வைத்தவருக்கு வட்டி மட்டும் தப்பாமல் ஏறும்.

இரண்டாவது நட்டம் நேர்மையான உற்பத்தியாளருக்கு. தரமான விதையைச் சிறிய அளவில் உற்பத்தி செய்து விற்கிறவரிடமும், உயிர் உரம் தயாரிக்கும் மகளிர் குழுவிடமும் ஸ்டார் வாங்கப் பணம் இருக்காது. 5 ஸ்டார்ப் பொருள்களுக்குக் கீழே அவர்கள் பொருள் போய்விடும். தேடுகிறவர் அவ்வளவு தூரம் கீழே போய்ப் பார்ப்பதில்லை.

மூன்றாவது நட்டம் நாளடைவில் தெரியும். இரண்டு முறை ஏமாந்த விவசாயி மூன்றாவது முறை உண்மையான நல்ல இரகத்தையும் நம்பமாட்டார். 'எல்லாம் காசுக்குச் சொல்கிறார்கள்' என்று விட்டுவிடுவார். நல்ல தொழில்நுட்பம் கிராமத்துக்குள் வரும் கதவே இதனால் சாத்தப்படுகிறது.

'நல்லதைத்தானே சொன்னேன்?'

இதில் விவசாயி ஏமாறுகிறவர் மட்டுமில்லை. சில நேரம் அறியாமலே ஏமாற்றத்துக்குத் துணை போகிறவராகவும் ஆகிவிடுகிறார். கம்பெனி ஆள் வந்து இரண்டு பாட்டில் டானிக்கை இலவசமாகக் கொடுக்கிறார். பிறகு வயலில் நிறுத்தி, 'நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள் அண்ணே' என்று வீடியோ எடுக்கிறார். கையில் 500 ரூபாயும் கொடுக்கலாம். 'பயிர் நன்றாகத்தான் இருந்தது. இருப்பதைத்தானே சொன்னேன், இதில் என்ன தப்பு?' என்று அவர் கேட்கிறார்.

பயிர் நன்றாக இருந்தால் நல்லது என்று சொல்வதில் தப்பில்லை. பாட்டிலும் பணமும் வந்ததைச் சொல்லாமல் விடுவதில்தான் தப்பு இருக்கிறது. கேட்கிறவருக்கு அந்த விவரம் தெரிந்திருந்தால் சொல்லை வேறு விதமாக எடை போட்டிருப்பார். எடை போடும் உரிமை அவருடையது. 'இது கம்பெனி இலவசமாகக் கொடுத்தது' என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டால் சொன்னவருக்கும் பழி இல்லை, கேட்டவருக்கும் நட்டம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவேண்டாம் என்று கம்பெனி ஆள் சொன்னால், அதிலேயே அவர் நோக்கம் தெரிந்துவிடுகிறது.

100 ரூபாய்க்காகப் போடும் 5 ஸ்டாரும் இதே கணக்கில்தான் சேரும். அந்த 100 ரூபாயைக் கொடுப்பவர் கம்பெனிக்காரர் போலத் தோன்றும். அந்த ஸ்டாரை நம்பி வாங்கப் போகிற இன்னொரு விவசாயியின் பையிலிருந்துதான் அது வருகிறது.

இந்த நெறி எங்கள் துறைக்கும் பொருந்தும். பல்கலைக்கழகத்தில் இருப்பவரோ, வேளாண் அலுவலரோ, ஓய்வு பெற்ற விஞ்ஞானியோ ஒரு கம்பெனியின் மேடையில் ஏறி அதன் பொருளைப் புகழ்ந்தால், அந்தக் கம்பெனியோடு தமக்குள்ள தொடர்பை அதே மேடையில் சொல்ல வேண்டும். பெயருக்கு முன்னால் உள்ள 'முனைவர்' பட்டமும் ஒருவகை நற்சான்றுதான். அதைப் பார்த்து உழவர் நம்புகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள் 2020ல் வந்தன. விற்கிறவரே நுகர்வோர் போல நடித்துத் தன் பொருளைப் பற்றிக் கருத்து எழுதக் கூடாது என்று அவை தெளிவாகத் தடை செய்கின்றன. 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள், ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. பணம் மட்டுமின்றி இலவசப் பொருளும் அன்பளிப்பும் இத்தொடர்பில் அடங்கும். தவறான விளம்பரத்துக்கும் பரிந்துரைக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், வாங்கியவர் கருத்துகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. காசுக்கு எழுதி வாங்கிய கருத்துகளுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் விரும்புகிற நிறுவனங்கள் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது வந்தது. அமெரிக்காவில் போலிக் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரிலும், பிரிட்டனில் அதுபோன்ற சட்டம் 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. விருப்பம் போல் பின்பற்றும் தரநிலையால் பெரிய பயன் விளையாது. குறைந்தது விதை, உரம், பூச்சி மருந்து ஆகிய மூன்றுக்குமாவது இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த மூன்றையும் விற்க உரிமம் வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பூச்சி மருந்தை ஆன்லைனில் விற்பதற்கும் உரிமம் வேண்டும். விற்பவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை 2022ல் வந்த விதி ஆன்லைன் நிறுவனத்தின்மேல் வைத்திருக்கிறது. விற்பதற்கு உரிமம் கேட்கும் பொருளுக்கு, நற்சான்று மட்டும் கேள்வி முறையில்லாமல் போவது பொருந்தாது.

விதையை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012ல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. ஸ்டார் எண்ணிக்கையைப் பார்த்து விதையோ மருந்தோ வாங்க வேண்டாம். வாங்கியவர் கருத்தைப் பார்ப்பதானால் 2 ஸ்டார், 3 ஸ்டார் போட்டவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். அறுவடைக்குப் பிறகு எழுதிய கருத்துக்கு மதிப்பு அதிகம். ஒரே வாரத்தில் குவியலாக, ஒரே நடையில் வந்திருக்கும் புகழ்ச்சியைத் தள்ளிவிடுங்கள்.

2. விதைப் பாக்கெட்டில் அட்டையைப் பாருங்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. குவியல் எண், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள், முளைப்புத் திறன் ஆகியவை இருக்க வேண்டும்.

3. விதைக்குமுன் முளைப்புப் பாருங்கள். ஈரச் சாக்கில் 100 விதைகளைப் பரப்பிச் சுருட்டி வைத்தால் போதும். உளுந்து ஒரு வாரத்திலும், நெல்லும் மிளகாயும் இரண்டு வாரத்திலும் விடை சொல்லிவிடும். நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதம் முளைப்பாவது வேண்டும். ஐயம் இருந்தால் விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

4. பூச்சி மருந்துப் பாட்டிலில் பதிவு எண்ணும், நச்சுத்தன்மையைக் காட்டும் நிறமுள்ள சாய்சதுர அடையாளமும், எந்தப் பயிருக்கு என்ற விவரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உயிரியல் மருந்து, டானிக் என்று பெயர் சொல்லி, 'எல்லாப் பயிருக்கும், எல்லா நோய்க்கும்' என்று போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம்.

5. புதிய பொருளை முதல் போகத்தில் ஒரு சிறு பகுதியில் மட்டும் இட்டுப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே இடாத ஒரு பாத்தியை விடுங்கள். இரண்டுக்கும் உரமும் தண்ணீரும் ஒன்றாக இருக்கட்டும். அறுவடையில் தனித்தனியாக எடை போடுங்கள். இந்த இரண்டு பாத்திகளும் சொல்வதை எந்த ஸ்டாராலும் சொல்ல முடியாது.

6. பில்லையும், பாக்கெட்டையும், அட்டையையும், முடிந்தால் ஒரு பிடி விதையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். ஆன்லைன் பக்கத்தில் பொருளைப் பற்றிச் சொல்லியிருப்பதையும் படம் எடுத்து வையுங்கள். முளைப்புக் குறைந்தால் உடனே விதை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

7. சந்தேகம் கேட்க வட்டார வேளாண்மை விரிவாக்க மையமும், வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கிசான் கால் சென்டருக்கு 1800 180 1551 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். வாங்கிய பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்களும் எழுதுங்கள்

போலிக் கருத்துகள் பெருகிவிட்டன என்பதற்காக உழவர்கள் கருத்து எழுதுவதையே விட்டுவிடக் கூடாது. உண்மையான கருத்து குறையக் குறையப் போலிக்கே இடம் கூடும். ஆகவே எழுதுங்கள், ஆனால் அறுவடைக்குப் பிறகு எழுதுங்கள். எந்த மாவட்டம், என்ன மண், இறவையா மானாவாரியா, எந்தப் பட்டம், எவ்வளவு நிலம், என்ன மகசூல், போன ஆண்டு என்ன மகசூல் என்று ஐந்தாறு வரியில் சொல்லுங்கள். நன்றாக வந்தால் நன்றாக வந்தது என்றும், வராவிட்டால் வரவில்லை என்றும் எழுதுங்கள். இலவசமாக வந்த பொருள் என்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பார்சலில் வரும் காசு அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம். அதைப் படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.

உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் உழவர் மன்றங்களும் இதில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். குழுவில் 5 பேர் ஒரே புதிய பொருளைச் சிறிது சிறிதாகத் தங்கள் வயலில் இட்டு, இடாத பாத்தியோடு ஒப்பிட்டு, முடிவை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டில் அந்த ஊருக்கே உரிய ஒரு நம்பிக்கையான பதிவேடு கிடைத்துவிடும். அந்த ஊர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எது ஒத்துவரும் என்பதை அதைவிடச் சரியாகச் சொல்லும் ஆன்லைன் பக்கம் எதுவும் கிடையாது.

சிறு விவசாயியிடம் நிலம் குறைவு, பணம் குறைவு. ஆனால் 'அவர் சொன்னால் சரியாக இருக்கும்' என்று ஊரில் எடுத்த பெயர் பலருக்கு உண்டு. கடன் கேட்கும்போதும், பெண் கொடுக்கும்போதும், பங்காளித் தகராறு தீர்க்கும்போதும் அந்தப் பெயர்தான் உதவுகிறது. அதை ஒரு டானிக் பாட்டிலுக்கு விற்றுவிட வேண்டாம். இன்னொருவர் விற்ற சொல்லை நம்பி உங்கள் பட்டத்தையும் இழக்க வேண்டாம்.